வைஃபை காணாமற்போன சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்தபோது மூலையில் இருக்கும் வைஃபை குறியைக் காணவில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். வைஃபை கருவி எதுவும் இல்லை என்றது. கைப்பேசியில் வைஃபை வந்துகொண்டிருந்ததால் வீட்டு இணைப்பில் குறையில்லை என்று தெரிந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டும் பயனில்லை.

நான் தேக்கா சந்தைக்கு அருகே ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. நீரிழிவுக்காரர்களின் பாதப் பராமரிப்பு பற்றிய ஒன்றை அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். கோப்பு கணினிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கைப்பேசியில் தேடினேன். ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வைஃபை அட்டையையே கழற்றி மாட்டச் சொன்னார். இதற்குமேல் தம்பியைத்தான் கூப்பிட வேண்டும். பழைய கணினி தூக்கிப்போடும் நிலைக்கு வந்தபோது, செங்காங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் அவன்.

ஆனால் நாங்கள் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் திதியை வார நாளில் வைத்தான் என்று தொடங்கிய வாக்குவாதத்தில், "அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ எத்தன நாள் மேல வார்டுக்கு வந்து பாத்த?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு பண்டிகை வாழ்த்துப் படங்கள் மட்டும்தான்.

அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "அக்கா? என்னாச்சு? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"யாருக்கும் ஒன்னுமில்ல. வைஃபைதான் வரல."

"சரி, டெர்மினலத் தொற. அந்தக் கறுப்பு விண்டோ" என்றான்.

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன். வரிகள் வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கியது. அதைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப கார்டு சாகலக்கா. நேத்து அப்டேட் பண்ணியா?"

"கேட்டுச்சு, பண்ணேன்."

"அதான். லினக்ஸுக்கு உள்ள இருக்கிற கர்னல் மாறிருச்சு. அந்தக் கார்ட ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் தனியாப் போட்டுக் குடுத்திருந்தேன். புதுசுக்கு ஏத்த மாதிரி அதத் திரும்பச் செய்யணும். அதுக்குச் சில ஃபைல் நெட்லேருந்து எடுக்கணும்."

"நெட் வரதுக்கே நெட் வேணுமா?"

சிரித்துவிட்டான். "ஃபோன கேபிள்ல மாட்டி, நெட் ஷேரிங்க ஆன் பண்ணு லா. ஃபோன் நெட்ட லேப்டாப் எடுத்துக்கும்."

மாட்டினேன். சார்ஜ் ஏறியது, இணையம் வரவில்லை. வீட்டில் இருந்த மூன்று கேபிளும் அப்படியே. அவை சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமானவை என்றான். கீழே இறங்கி, சிராங்கூன் ரோட்டில் சிம் கார்டு விற்கும் கடைக்குப் போய், ஒரு நீலநிறக் கேபிளைக் காட்டி, "இதுல டேட்டா போகுமா?" என்று கேட்டேன். கடைக்காரர், "ஃபோட்டோ, வீடியோ எல்லாம் போகும்மா" என்று அதை எடுத்துத் தந்தார்.

திரும்பி வந்து மாட்டியதும் இணைப்பு கிடைத்தது. தம்பியை மறுபடி அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். இரண்டு நீளமான கட்டளைகள். முதலாவதில் ஓர் இடைவெளி விட்டுப்போய்க் கணினி திட்டியது. இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது.

"பழைய மெஷின், பத்து நிமிஷம் ஆகும். எதையும் தொடாத."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் வைக்கவில்லை. திரையில் வரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றேன்.

"நீ கேட்டது சரிதான். மேல நாலு தடவதான் வந்தேன்." நிறுத்தினான். "ஆனா வேல முடிஞ்சு தெனம் வந்தேன்க்கா. கீழ கேன்டீன்ல உக்காந்திருப்பேன். லிஃப்ட் வரைக்கும் போவேன். மூக்குல டியூபோட அப்பாவப் பாக்க முடியல. டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

நான் அப்போது ஆறாம் மாடியில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"சொல்லியிருக்கலாமே. நான் கீழ வந்திருப்பேன்" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஆம்பளப் பய, பயமா இருக்குன்னா?"

அழவேண்டும் போலிருந்தது, அழவில்லை. "உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவளுக்கு மட்டும் தெரியும் என்றான். அப்பா கடைசி வாரத்தில் என்ன பேசினார் என்று கேட்டான். பெரிதாக ஒன்றுமில்லை, கஞ்சியில் உப்பு இல்லை என்று வார்டுத் தாதியிடம் சண்டை போட்டார் என்றேன். அதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது.

வரிகள் எப்போதோ நின்றிருந்தன. அணைத்துப் போடச் சொன்னான். கணினி எழுந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுவில் என்னுடையதும் இருந்தது.

"வந்துருச்சுடா."

"அடுத்த தடவ அப்டேட் கேட்டா மொதல்ல எனக்கு ஃபோன் பண்ணு."

"சரி" என்றேன்.

கையேட்டை நாலரைக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். தேக்கா உணவங்காடியில் இடம் பிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. மூவரும் பிரியாணி சாப்பிட்டோம், அவன் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டான்.