ஆடு வெட்டுப்பட்டதும்

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் காட்டாங்குளத்தூரில் நான் பாடம் எடுக்கும் லேபில், செத்துப்போன ஒரு பெண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

புரோகிராமிங்கைப் போர்டில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் ஆடுபுலி ஆட்டத்தில் புலிப் பக்கமோ ஆட்டுப் பக்கமோ தானாக ஆடும் புரோகிராமை எழுதச் சொல்லி, ஒன்றோடொன்றை மோதவிடுவேன். பழைய மாணவர்கள் எழுதியவையும் களத்தில் இருக்கும். ஒவ்வொரு போட்டியிலும் கடைசியாக வருவதை அழித்துவிடுவோம். அது எங்கள் லேபின் சட்டம். எவன் வந்து கெஞ்சினாலும், போய் வேலையைப் பார் என்று விரட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எழுதிய புரோகிராம் மட்டும் களத்தில் நிலைத்தது. அது ஆடுகள் பக்கம் ஆடும். புலி ஓர் ஆட்டை வெட்டிவிட்டால், அடுத்த காயை நகர்த்தாமல் நெடுநேரம் அப்படியே நிற்கும். ஏதாவது கணக்குப் போடுகிறதோ என்று உள்ளே பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. அந்த இடத்தில் காத்திரு என்று ஒரே ஒரு வரி. ஏன் எழுதினாள் என்று கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகள் குரலைத் தாழ்த்தி, "அக்கா யோசிக்கிறாங்க" என்பார்கள். பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும்.

ஆண்டுதோறும் போட்டி அன்று அவளுடைய அம்மா அஸ்தினாபுரத்திலிருந்து வருவார். பின்வரிசையில் உட்கார்ந்து பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆண்டு மாணவர் கூட்டம் அதிகம். ஒரு நகர்வுக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. தாண்டினால் தோல்வி. அந்த வரியோடு விட்டால் அவளுடையது எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கடைசிக்குப் போகும், அழித்தாக வேண்டும். மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

முதல் ஆட்டத்தில் ஓர் ஆடு வெட்டுப்பட்டது. மறுநொடியே அடுத்த காய் நகர்ந்தது. மளமளவென்று புலிகளை அடைத்து ஜெயித்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"இது யாரு சார் ஆடறது?"

"உங்க பொண்ணுதாம்மா."

"இல்ல சார். ஏதாவது கைய விட்டுப் போச்சுன்னா அவ அப்படியே உக்காந்துடுவா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். சாப்பிடக் கூப்ட்டாக்கூட வரமாட்டா."

வரியை எடுத்ததைச் சொன்னேன். திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

"அழிச்சிடுவீங்களா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் அதான் சட்டம்."

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவர் அழவில்லை.

"பரவால்ல, போட்டுடுங்க சார்."

போட்டேன். அடுத்த ஆட்டத்தில் புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டியது. திரையில் எதுவும் அசையவில்லை. நேரம் முடிந்து, தோல்வி என்று சிவப்பில் எழுத்து வந்தது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்க ஒரு மாணவி கீபோர்டில் கைவைத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பதான் வந்திருக்கா."