மகள் கொடுத்த இம்போசிஷன்

மூன்றாம் வகுப்பு ஆங்கிலம்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திண்டிவனத்தில் மோட்டார் பம்பு கடையில் விற்பனைக்கு நிற்பவன் நான். கஸ்டமரிடம் ஹார்ஸ் பவர், ஆர்.பி.எம். என்று வெளுத்து வாங்குகிறவன். மகள் ஒருநாள் புத்தகத்தோடு வந்து, ரெண்டு வார்த்தையையும் ‘வீக்’ என்றுதான் படிக்கிறோம், எழுதுவது மட்டும் ஏன் வேறு வேறு என்று கேட்டாள். ஒன்று வாரம், இன்னொன்று பலவீனம் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, “அது பிரிண்ட் மிஸ்டேக்கும்மா, உங்க மிஸ்ஸுகிட்ட சொல்லு” என்றேன்.

அவளும் வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு ஆன்ட்டியிடம் போய்விடுவாள். என்னிடம் ரிமோட் கேட்பதோடு சரி. எனக்கு அது ரொம்பவே வலித்தது.

விட்டதைப் பிடிக்க, காலையில் கடைக்குப் போக விழுப்புரத்தில் பஸ் ஏறியதுமே போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். ‘சன்’ என்றால் சூரியன், ‘சன்’ என்றால் மகன். ‘மீட்’ என்றால் சந்திப்பு, ‘மீட்’ என்றால் கறி. விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் தலை கிறுகிறுத்தது. நான் முணுமுணுத்த முணுமுணுப்பில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

ஒரு சாயங்காலம் மகளிடம், “எனக்கு டிக்டேஷன் வைம்மா, பாக்கலாம்” என்று மார்தட்டினேன். சந்தேகமாகத்தான் பார்த்தாள். ஆனாலும் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு மிஸ் மாதிரியே நின்று, அர்த்தத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதிக்கு மேல் தப்பு.

“தப்பானதெல்லாம் பத்து பத்து வாட்டி எழுதுப்பா. பேசக் கூடாது!”

அடுப்படியில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கைவலிக்க இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஆன்ட்டி அவளைப் பாடம் படிக்கக் கூப்பிட்டார்.

“எங்கப்பாவுக்கு டெஸ்ட்டு வெச்சிக்கினு இருக்கேன் ஆன்ட்டி. அவுரு எல்லாத்தையும் சரியா எழுதுற வரைக்கும் நான் வர மாட்டேன்!”

பரீட்சையில் கோட்டைவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பஸ்ஸில் உயிரைக் கொடுத்துப் படித்தேன். எல்லாம் அத்துப்படி. திண்டிவனத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது, எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டால் அவள் மாடிக்குப் போய்விடுவாளே என்று. அதனால் அன்று சாயங்காலம் வேண்டுமென்றே ரெண்டைத் தப்பாக எழுதினேன்.

அவள் ஐந்தைத் தப்பென்று சுழித்தாள்.