நாலரைக்குள் ஒரு பூ

எங்கள் வீட்டுக் காரில் எப்போதும் மணி ஐந்தே கால்தான். அப்பா அந்தக் கறுப்புச் சீமைக் காரை யாரிடமோ பழசாக வாங்கி, சங்கரன்கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்த நாளிலேயே அதன் டேஷ்போர்டு கடிகாரம் நின்றுபோயிருந்தது. எஞ்சின் ஓடுகிறது, ஹாரன் அடிக்கிறது, கடிகாரம் யாருக்கு வேண்டும் என்று அவர் விட்டுவிட்டார். அது எனக்குத்தான் வினையாக வந்து சேர்ந்தது.

என்னை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வாசுதேவநல்லூர்க்காரர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா அவர்களைப் பெருமையாகக் காரில் அழைத்துவந்தார். முன் சீட்டில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அத்தை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம அஞ்சே காலுன்னா ராகு காலம்லா அண்ணாச்சி? இப்பவா கூட்டிட்டுப் போறிய?" என்று கேட்டிருக்கிறாள். "அது ஓடாத கடியாரம் தாயி, நின்னு ரொம்ப நாளாச்சு" என்று அப்பா சமாதானம் சொன்னார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஓடுகிற கடிகாரம் என்றாலும் ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்து தொலையும். இது முடியவே முடியாத ராகு காலம் அல்லவா. கேசரியை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "போயி லெட்டர் போடுதோம்" என்று எழுந்து போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அந்த மாப்பிள்ளையை எனக்கும் பிடிக்கவில்லை, அது வேறு கதை. ஆனாலும் ஒரு செத்த முள்ளுக்குப் பயந்து போனார்களே என்று இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது.

அடுத்து வந்த சம்பந்தம் கரிவலம்வந்தநல்லூர். பையன் எங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கவுண்டரில் இருப்பவர் என்று அம்மா சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மொத்தமாக ஸ்டாம்ப் வாங்கிவைத்தால் என்ன? வாங்க மாட்டேன். ஒன்றுதான் வாங்குவேன், அப்போதுதானே மறுபடி போகலாம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஒரே ஒரு நாள், "பசை கூடிப்போச்சு, காய்ஞ்ச பொறவு பொட்டில போடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பத்து நாள் மிதந்தேன்.

ஜாதகம் தரகர் மூலமாகப் போயிருந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள்தான் இவள் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. எனக்கு அவர் வேண்டும். அவருக்கு நான் வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றார் அப்பா. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, அதுல கை வைக்காத. சீமைச் சாமானு."

"செத்துப்போனதுதானப்பா. இனிமே என்ன ஆயிரப் போவுது?"

முன் சீட்டில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, இரண்டு நட்டைக் கழற்றியதும் கடிகாரம் என் மடிக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்தால், காலேஜில் படித்த மின்சார மணியின் சூத்திரம்தான். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங். அது இரண்டு நிமிஷம் ஓடித் தளர்ந்ததும் இரண்டு பித்தளை முனைகள் தொட்டுக்கொள்ளும். உடனே பேட்டரி ஒரு தட்டுத் தட்டி ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கிவிடும். அந்த முனைகள் கருகிக் கரியேறிக் கிடந்தன. தொட்டும் தொடாமல் இருந்திருக்கின்றன பாவம், இத்தனை வருஷமாக.

அந்த வாரத்து மதியங்களை நினைத்தால் இப்போதும் தூக்கம் மாதிரி ஒன்று கண்ணைச் சுற்றுகிறது. ஷெட் ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கும். அதில் தூசி மெதுவாகச் சுற்றும். பழைய தோல் சீட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து கிறக்கும். நான் கோழி இறகை மண்ணெண்ணெயில் தொட்டுப் பல்சக்கரங்களைக் கழுவுவேன். நைஸ் எமரித் தாளால் முனைகளைத் தேய்ப்பேன், தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியில் ஒரு சொட்டு வைப்பேன். நடுவில் கை நின்றுபோகும். கார் தானாகக் கிளம்பி, குளத்தங்கரை வழியாக மேற்கே மலையைப் பார்த்துப் போகும். பக்கத்தில் அவர் இருப்பார். எங்கே போகிறோம் என்று இருவரும் கேட்டுக்கொள்ள மாட்டோம். அம்மா காபிக்குக் கூப்பிட்ட பிறகுதான் கார் ஷெட்டுக்குத் திரும்பும்.

சனிக்கிழமை மதியம் கடிகாரத்தைப் பூட்டி, ஒயரை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நிமிஷம் கழித்து 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம். கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ரேடியோச் செய்திக்கு மணியைச் சரிவைத்துவிட்டு, உள்விளக்கைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விளக்கை அணைத்தேனா? இல்லை. நான்தான் இந்த லோகத்திலேயே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காரை எடுப்பதற்கு முன்பே, அவரும் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிட்டார்கள். எல்லாம் மாமா வைத்ததுதான் சட்டம். கையில் வாட்ச் கட்ட மாட்டார், சட்டைப் பையில் பஞ்சாங்கம் இருக்கும். நான் காபி கொடுத்தேன். அவர் அப்போதும் நிமிரவில்லை. மாமா என்னை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, அப்பாவிடம் சொன்னார்: "கோமதியம்மன் சன்னதில வச்சுப் பூ வச்சிருவோம் அண்ணாச்சி. ஆனா நாலரைக்குள்ள கெளம்பிரணும். ராகு காலத்துல கெளம்புறதா இருந்தா வேண்டாம், ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்."

அப்போது மணி நாலே கால். அப்பா ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். கார் ஒரு முனகு முனகிவிட்டு அடங்கிவிட்டது. ராத்திரியெல்லாம் எரிந்த விளக்கு பேட்டரியை உறிஞ்சி, கடிகாரத்தைத் தட்டிவிடுகிற அளவுக்குத்தான் மிச்சம் வைத்திருந்தது. "ஏட்டி, நீ ஸ்டியரிங்கப் பிடி" என்று சொல்லிவிட்டு அப்பா பின்னால் தள்ளப் போனார். தள்ளிக் கிளப்புவது எங்கள் வீட்டில் வழக்கம்தான் என்பதால் எனக்குக் கிளட்சை எப்போது விடவேண்டும் என்று தெரியும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தள்ளினார். மாமாவும் தள்ளினார். இரண்டு தரம் தெருக்கோடி வரை போயும் பிடிக்கவில்லை. மூன்றாவது தரம் பிடித்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்திரண்டு. ஒரு வாரம் உட்கார்ந்து உண்மை பேச வைத்த கடிகாரம். பின்னால் மூன்று பேரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அடியிலிருந்த குமிழை இழுத்துப் பதினைந்து நிமிஷம் பின்னால் திருகினேன். இறங்கிப் பின் சீட்டுக்குப் போய், நல்ல பிள்ளையாக அம்மாவுக்கும் அவருடைய அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிய மாமா குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு பதினெட்டு. ரொம்ப நேரம் தள்ளுன மாதிரில்லா இருந்துச்சு." அப்பா, கிரீஸ் படும் என்று வாட்சை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர். மாமா அந்தப் பக்கம் கதவோரம் இருந்த மாப்பிள்ளையிடம் திரும்பி, "ஏலே, ஒன் வாச்சுல மணி என்ன?" என்றார்.

எனக்கு நேர் முன்னால் அவருடைய கை சீட்டின் மேல் நீண்டு கிடந்தது. அதிலிருந்த வாட்ச் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாலு முப்பத்திமூன்று. அவர் அதைப் பார்த்தார். டேஷ்போர்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக, முதல் தடவையாக, என்னைப் பார்த்தார்.

"அதேதான் மாமா, நாலு பதினெட்டு."

சொல்லிக்கொண்டே சுருட்டிய சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி, அந்த வெயிலில், பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

அப்பா வண்டியை எடுத்தார். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. "நல்ல காரியத்துக்குப் போகையில என்னட்டி அழுக?" என்று அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். சன்னதியில் பூ வைக்கும்போதும் அழுதுகொண்டுதான் நின்றேன். பிறந்த வீட்டைப் பிரியப் போகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவரைத் தவிர.