வந்து சேராத செய்திகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். வாய்த்த வேலையும் அப்படி. தொழிற்சாலைகளில் மோட்டார், பம்ப் இவற்றின் மேல் ஒட்டிவைக்கும் சின்ன சென்சார்கள், சூடு இவ்வளவு, அதிர்வு இவ்வளவு என்று கம்பியில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். தூணில் மாட்டிய பெட்டி ஒன்று அதைக் கேட்டு, அளவு மீறினால் அலாரம் அடிக்கும். சொன்னது பெட்டிக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கையில் அளவுக்கருவியோடு பத்தடிக்கு ஒரு தரம் நிற்பாள், எண்ணைக் குறித்துக்கொள்வாள், மறுபடி நடப்பாள். பதினாறு வருஷமாக இதே நடை.

ஒரு காலையில் அவள் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, எண்ணெய் ஆலைலேர்ந்து பம்ப்காரன் பேசறேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. சொல்லுங்க."

"மூணாம் நம்பர் பம்ப் எரிஞ்சு போச்சு. அலாரம் அடிக்கவே இல்ல. நான் சென்சார்ல பேட்டரிய கழட்டி வெச்சுட்டு எங்கயோ போய்ப் படுத்துட்டேன்னு சொல்றாங்க. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. உன்னத்தான் கேக்கணும்னு தோணிச்சு. அந்தப் பொட்டி பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லாதுண்ணே. ஆனா காது கேக்காம போகலாம்."

சொல்லி முடித்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த ஆலையில் அளந்தவள் அவளேதான். வருடாந்தரப் பராமரிப்புக்காக மூடியிருந்த நாளில் போனாள். கூடம் காலி. பேசினால் எதிரொலித்தது. எங்கே நின்றாலும் சிக்னல் பிரமாதமாகக் கிடைத்தது. எல்லா இடத்திலும் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பியிருந்தாள்.

வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நாலு தரம் நடந்துவிட்டு, ஆலைக்குப் போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். பள்ளி வேன் ஓட்டும் கணவன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆலைக்காரங்க உன்ன கூப்பிடவே இல்லையே. நீயா போய் எதுக்குத் தலைய குடுக்கற?"

"தலை ஏற்கெனவே உள்ளதான் இருக்கு" என்றாள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆலைக் கூடத்துக்குள் கால் வைத்ததுமே பாதி விளங்கிவிட்டது. அன்று வெறுமையாகக் கிடந்த தரையில் இப்போது எண்ணெய் நிரப்பிய தகர டின்கள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக அடுக்கி நின்றன. அத்தனையும் தகரம். சிக்னலுக்குத் தகரம் சுவர் மாதிரி. முட்டினால் திரும்பிவிடும், ஊடுருவாது. ஆனால் விளங்கியது வேறு, நிரூபிப்பது வேறு.

மேனேஜர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. பதினொன்னு பத்துக்கு ஒரு தகவல் வந்திருக்கு. அப்புறம் பதினொன்னு அம்பத்திரண்டுக்குத்தான் அடுத்தது. நடுவுல ஒண்ணுமே இல்ல. பேட்டரிய கழட்டினாத்தானே இப்படி ஆகும்?"

"அவர் அந்த நேரத்துல எங்க இருந்தாரு?"

"பின்னாடி வடிகட்டி கழுவிட்டு இருந்தேங்கறான். முன்னெல்லாம் அரை மணிக்கு ஒரு தரம் பம்ப தொட்டுப் பாப்பான். சென்சார் வந்ததும், அத விட்டுட்டு இந்த வேலைய பாருன்னு நான்தான் சொன்னேன்." கடைசி வாக்கியத்தைச் சற்று மெதுவாகச் சொன்னார்.

அவள் நாற்காலியில் உட்காராமல் திரைமேல் குனிந்தாள். தகவல் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு வரிசை எண் இருந்தது. யாரும் கவனிக்காத எண்.

"சார், இந்த சென்சார் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தகவல் அனுப்பும். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடும். பேட்டரிய கழட்டி மாட்டினா நம்பர் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். பதினொன்னு பத்துக்கு வந்தது நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு. அம்பத்திரண்டுக்கு வந்தது என்ன நம்பர்?"

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நாலாயிரத்து நூத்தி முப்பத்தொம்பது."

"நடுவுல இருபது தகவல். சென்சார் ஒண்ணக்கூட விடாம அனுப்பியிருக்கு. சூடாகுது, சூடாகுதுன்னு கத்தியிருக்கு. ஒண்ணுகூட பெட்டிக்கு வந்து சேரல."

"அப்போ அம்பத்திரண்டுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அதை யோசித்தபடி அவள் அங்கேயும் இங்கேயும் நடந்தாள். பக்கத்தில் நின்ற, டின் அடுக்குகளைத் தூக்கும் வண்டியை ஓட்டுகிறவர்தான் பதிலைச் சொன்னார். "புகைய பாத்ததும் பம்ப் கிட்ட போக வழி வேணும்ல? குறுக்க இருந்த அடுக்க நான்தான் வண்டியில தூக்கி நகர்த்தினேன்."

அடுக்கைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். திரையில் மூன்றாம் நம்பர் ஊமையாகிவிட்டது. இரண்டு நிமிஷம், நாலு, ஆறு. எடுக்கச் சொன்னாள். அடுத்த தகவல் இரண்டு நிமிஷத்துக்குள் வந்து விழுந்தது. இன்னொரு தரம் வைத்து எடுத்தார்கள். அப்படியே நடந்தது.

மேனேஜர் கட்டை விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எல்லா இடத்துலயும் திருப்தின்னு உங்க ரிப்போர்ட் இருக்கே."

"அது தப்பு சார். காலி கூடத்துல அளந்தேன். சரக்கு நிரம்பினா எப்படி இருக்கும்னு யோசிக்கல. அத எழுதியே குடுத்துடறேன்."

நின்றபடியே ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

பம்ப்காரர் நாலாம் நாள் வேலைக்குத் திரும்பினார். பெட்டியைக் கழற்றி, டின் எட்டாத உயரத்தில் உத்தரத்தில் மாட்டினார்கள். கூடத்தின் மறுமுனையில் இன்னொன்றையும் வைத்தார்கள். அவளுடைய அலுவலகத்தில் வேறு மாதிரி நடந்தது. "யாரக் கேட்டுப் போன?" என்று அதிகாரி ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு வருஷத்துக்கு ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து செல்லாது என்றார். அவள் தொழில் கற்றுக்கொடுத்த பெண்ணே இனி அவள் அளந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பெண் முதல் நாள் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தாள். "போடும்மா, நேரமாகுது" என்று இவள்தான் விரட்டினாள்.

அதோடு மனசு அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. பழைய குறிப்பேடுகளைப் புரட்டியதில், மூடியிருந்த நாளில் தான் அளந்த இடங்கள் இன்னும் பதினொன்று என்று தெரிந்தது. அவற்றின் பட்டியலை எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு தன் லீவு நாட்களில் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தாள்.

"சம்பளமும் இல்ல, நல்ல பேரும் இல்ல" என்றான் கணவன். ஆனாலும் வேன் சும்மா நிற்கும் நாளில் அவனே கொண்டுபோய் விட்டான்.

நாலு இடம் முடிந்திருக்கிறது. மூன்றில் குறையில்லை. ஒரு காகித ஆலையில், சுருள்களைத் தூக்கும் பெரிய கிரேன் ஒரு மூலையில் வந்து நிற்கும்போதெல்லாம் இரண்டு சென்சார்களின் தகவல் நின்றுபோனது. ஐந்தாவது இடத்தில் காவலாளி உள்ளேயே விடவில்லை. அவள் வாசலுக்கு வெளியே முக்கால் மணி நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கடைசியில் போர்மேன் எரிச்சலோடு வெளியே வந்தார்.

"எல்லாம் நல்லாத்தானம்மா ஓடுது. இப்ப எதுக்கு?"

"ஓடும்போது பாக்கணும், அதுக்குத்தான்" என்றாள் அவள். பையிலிருந்து அளவுக்கருவியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகவே முடுக்கினாள்.