பச்சை மொட்டும் வெள்ளை மொட்டும்

பிள்ளைகளா, உங்கள் அத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போகிறாளே, அந்த லைட்டைக் கடையில் வாங்கியது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பது போன தீபாவளிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் இருக்கும் தகடு என்ன நிறத்தில் வர வேண்டும் என்று நீங்கள் போட்ட சண்டை மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறது. அது எதற்கு என்பது மறந்துபோயிற்று. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு ஐ.டி.ஐ. முடித்து ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனவன் என்பது உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கு அடியில் குனிந்து பார்க்க டார்ச் இல்லாமல் ஆகாது. கடை டார்ச்சை ஒரு தடவை அமுக்கினால் பளிச்சென்று எரியும், இன்னொரு தடவை அமுக்கினால் மங்கும், மறுபடி அமுக்கினால் ஆம்புலன்ஸ் மாதிரி சிமிட்டும். எனக்கு எதற்குச் சிமிட்டல்? ஒருநாள் எரிச்சலில் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டத் தகடு. வெளிச்சம் எப்படி எரிய வேண்டும் என்று சொல்வதெல்லாம் அதுதான்.

அந்தத் தகட்டை நாமே கம்ப்யூட்டரில் வரையலாம், வரைந்து அனுப்பினால் அச்சடித்துத் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன என்று செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூடப்போகிற பிரவுசிங் சென்டரில் இருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்தேன். அதன் பிறகு ஷிப்டு முடிந்து வந்தால் அதன் முன்தான் உட்கார்ந்திருப்பேன். சின்ன வட்டத்துக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் இடம் போட்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் செம்புத் தடம் இழுக்க வேண்டும். ஒரு தடம் இன்னொன்றைத் தொடக் கூடாது. குறுக்கே போக வழியில்லை என்றால் ஓட்டை போட்டுத் தகட்டின் பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். நம் தெருவில் சப்பரம் வரும்போது பின்சந்து வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோமே, அது மாதிரி. அந்த நாட்களில் உங்கள் அம்மா சொல்வாள்:

"ஒரு ரூபாக் காசு அளவு தகட்டுக்கு ஒரு மாசமா எலியைத் தேச்சுக்கிட்டு இருக்கீக. இந்நேரத்துக்கு வீட்டு வரைபடமே போட்டிருக்கலாம்."

வீட்டில் அப்போது எப்போதும் ஈயம் உருகுகிற வாசனை இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். இப்போது அந்தத் தோள் சும்மாத்தான் இருக்கிறது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து விடியுமுன் வேன் ஏறி, கான்சாபுரம் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குப் போவாள் அக்கா. அன்று சாயங்காலம் மலரப்போகிற வெள்ளை மொட்டைத்தான் பறிக்க வேண்டும். அடியில் லேசாகப் பச்சை தெரிந்தால் அது நாளை மலரும் மொட்டு, செடியில் விட்டுவிட வேண்டும். அந்த வருஷம் அக்காவின் மடியில் பச்சை மொட்டு அதிகமாக வர ஆரம்பித்தது. தோட்டக்கார அம்மா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பகலில் களை பறிக்க மட்டும் வா என்று சொல்லிவிட்டார்.

அக்கா நம் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை, செம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கண்ணு போச்சுன்னு சொல்லுதாக, தம்பி. கண் டாக்டரு கண்ணாடி போட்டா போதும்னுதான் சொன்னாரு. போட்டுக்கிட்டுதான போறேன்?"

"களைக்குப் போனாலும் வேலைதான மதினி?" என்றாள் உங்கள் அம்மா.

"வேலைக்கு என்னட்டி, ஊரு பூரா வேலை கெடக்கு. அந்த வேன்ல சன்னல் ஓரம் என் எடம். அவளுக பேசுதது அம்புட்டும் எனக்குத் தெரியணும். இப்ப அங்க வேற ஒருத்தி உக்காந்து போறா. நான் களைக்கொத்தோட வயலுக்குள்ள போறப்ப அவளுக பறிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வாராளுக. கையை மட்டும் ஆட்டுதாளுக."

அவளிடம் இருந்தது அந்த வருஷம் பஜாரில் வாங்கிய நெற்றி லைட்டு. வெளிச்சம் போதவில்லை போல என்று நினைத்தேன். டார்ச் செய்கிறவர்களுக்கு இருக்கிற வியாதி அது. எது கேட்டாலும் வெளிச்சத்தைக் கூட்டுவோம். இருக்கிறதிலேயே பளீர் வெள்ளை பல்பை எடுத்து, என்னிடம் இருந்த தகட்டோடு சேர்த்து, நெற்றிப் பட்டையில் பொருத்திக் கொடுத்தேன். அதற்கென்றே விடிகிறதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய் ஒரு செடியில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பக் கொண்டுவந்தாள்.

"ஏலே, பூப் பறிக்கவா கொடுத்த, வெல்டிங் வைக்கவா? நெத்தியில இட்லி அவிச்சிரலாம் போலிருக்கு."

"வெளிச்சம் எப்படி இருந்துச்சு?"

"எம்புட்டோ இருக்கு. என்ன செய்ய? பூவு அம்புட்டும் ஒரே மூஞ்சியாத் தெரியுது. முன்னாடி கட்டை பேட்டரி போட்டு மஞ்சளா எரியுமே ஒரு டார்ச்சு, அதைக் கைல பிடிச்சுக்கிட்டுப் பறிச்சப்பக்கூட எனக்குத் தப்பு வந்ததில்லையே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து எனக்கு லீவு வந்த நாளில், மற்ற பெண்கள் பறித்துவந்த மொட்டில் ஒரு கை கேட்டு வாங்கி, களைக்குப் போன இடத்தில் பச்சை மொட்டும் கொஞ்சம் கிள்ளி, எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொன்னேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அடுப்படி சன்னலில் உங்கள் அம்மா போர்வையைத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தியதும் நல்ல இருட்டு.

"பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு மூணு பேரு. பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாக?" என்றாள் உங்கள் அம்மா.

"நினைச்சா நினைக்கட்டும். நீ தட்டை எடுட்டி."

முதலில் பளீர் வெள்ளையைப் போட்டேன். அக்கா இரண்டு தட்டில் பிரித்தாள். உங்கள் அம்மா அதைப் புறவாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பாதிக்குப் பாதி தப்பு, மதினி" என்றாள் மெல்ல.

என்னிடம் இன்னொரு பல்பு கிடந்தது. லேசாக மஞ்சள் கலந்து எரியும், வெளிச்சம் கம்மி என்று நான் ஒதுக்கியது. நிறத்தை உள்ளபடி காட்டும் என்று டார்ச் செய்கிற கூட்டாளி ஒருவர் தந்திருந்தார். அதைச் சின்னதாக எரியவிட்டேன். மொட்டுகளைக் கலந்து கொட்டினேன். அக்காவின் கை முன்பு தடவித் தடவிப் போனது. இப்போது கொத்திக் கொத்தி எடுத்தது. உங்கள் அம்மா தட்டோடு வெயிலுக்குப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று. இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அதுவும் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

"அப்ப கண்ணு இல்லலே, லைட்டுதான்" என்றாள் அக்கா. உடனே நம்பிக்கை வரவில்லை போல. "எங்க, இன்னொரு தடவை கலந்து கொட்டு."

சின்ன வயசுப் பெண்களின் கண் எந்த வெளிச்சத்திலும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. வயசான கண்ணுக்கு வெளிச்சம் ஒத்தாசை செய்ய வேண்டும். அந்த வெள்ளை வெளிச்சம் இளம்பச்சையையும் வெள்ளையாக்கிக் காட்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய தகடு இதற்கு ஆகாது. நெற்றி சுடக் கூடாது, சிமிட்டக் கூடாது, ஒரே பொத்தான், அதை அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் மெல்லக் கூடிக் குறைய வேண்டும். புதிதாக வரைந்தேன். சூடு பரவிப் போகட்டும் என்று தடங்களை அகலமாக இழுத்தேன். அனுப்பப் போகையில்தான் நீங்கள் நிறத்துக்குச் சண்டை போட்டீர்கள். ஒருவருக்கு நீலம், ஒருவருக்குச் சிவப்பு. கடைசியில் இரண்டும் இல்லாமல் ஊதா என்று எழுதி அனுப்பினேன். இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. கூரியர்காரர் வந்து மணி அடித்தபோது மட்டும் சமாதானமாகி, இரண்டு பேரும் சேர்ந்து ஓடினீர்கள்.

அது வருகிற வரைக்கும் அக்கா வெயிலில் களை பறித்தாள். வந்ததும் நான் பொருத்திக் கொடுத்தேன். ஒரே ஒரு நாள் பறித்துப் பார்க்கிறேன் என்று அக்காவே தோட்டக்கார அம்மாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள். அன்று விடியுமுன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நானும் கான்சாபுரம் போனேன். வேனில் அவள் இடத்தில்தான் வேறு ஆள் இருந்ததே.

வரப்பில் நின்று பார்த்தேன். தோட்டம் முழுக்க வெள்ளை வெளிச்சங்கள் அசைந்தன. ஒன்று மட்டும் மஞ்சளாக, மற்றவற்றைவிட மங்கலாக.

"யாத்தே, பெரியாளு சிம்னி விளக்கை நெத்தியில கட்டிட்டு வந்திருக்கு!" என்று ஒரு பெண் சத்தம் கொடுத்தாள்.

"உன் செடியப் பாத்துப் பறிடி. பொறவு உன் மடியையும் கொட்டிப் பாப்பம்" என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

கீழ்வானம் வெளுத்ததும் எல்லோரும் மடியை அவிழ்த்தார்கள். தோட்டக்கார அம்மா அக்காவின் மொட்டுகளைத் தனிச் சாக்கில் கொட்டி, விரலால் பரத்திப் பரத்திப் பார்த்தார். ஓரிரண்டைப் பொறுக்கி வெளியே போட்டார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி நின்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவின் மொட்டுகளை அள்ளிப் பொதுக் குவியலில் போட்டார்.

"நாளைக்கு வேன்ல ஏறிக்கிட்டு வா. தம்பியை ஏன் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வார?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி, சிம்னி விளக்கா? உன் மடியக் காட்டு பாப்பம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே அக்காவும் அவர்களோடு பேசிக்கொண்டே வேனில் ஏறிப் போய்விட்டாள். சன்னல் ஓரத்தில் யார் உட்கார்ந்தது என்று நான் நின்ற இடத்தில் இருந்து தெரியவில்லை.

தோட்டக்கார அம்மாவும் பூமூட்டையோடு கிளம்பிவிட்டார். பைக் பக்கம் போனவன் நின்றேன். யாரும் இல்லை. அரைவெளிச்சத்தில் வரப்போரச் செடியில் குனிந்து, அங்குமிங்கும் தேடி, இதுதான் வெள்ளை என்று ஒரு மொட்டைக் கிள்ளினேன். அதற்குள் வெயில் வந்துவிட்டது. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் அடியில் நல்ல பச்சை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தேன்.