செங்கல்லுக்கு மேட்சிங்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பூச்சு வேலை எப்போது? தபால்காரர் கேட்டார். சிலிண்டர் போட வந்தவர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் கேட்டார். நாய்க்குப் பேச வந்திருந்தால் அதுவும் கேட்டிருக்கும். சாந்தோமிலிருந்து பஸ் ஏறி வரும் அத்தை, அப்பாவின் அக்கா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்.

கேட்டவர்கள் மேல் தப்பில்லை. திருவான்மியூரில் அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, சந்தன நிறத்திலோ ரோஸ் நிறத்திலோ பளபளவென்று நின்றன. எங்கள் வீடு மட்டும் அடி முதல் நுனி வரை செங்கல் தெரிய நின்றது. கையில் காசு தீர்ந்து பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அதற்குக் காரணம் காசு அல்ல, என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கட்டடக் கலை படித்து முடித்த சூட்டோடு எங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டவர். அவர் கட்டிய முதல் வீடு அது. பூச்சு என்பது சுவருக்கு அப்பும் பவுடர், நல்ல சுவருக்கு அது தேவையில்லை என்பார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள சிமெண்ட் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, கொஞ்சம் கோணினாலும் பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்வார். மேஸ்திரி அவரைக் கண்டாலே பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். என் அறை ஜன்னலுக்கு உயரம் குறிக்க என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, என் மோவாய் அளவுக்கு வைத்தவரும் அவர்தான். அதனால் நான் முழுக்க முழுக்க மாமா கட்சி.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிறந்ததிலிருந்து சாந்தோமில் வாடகை வீட்டிலேயே இருந்தவர். வாழ்க்கையில் கட்டுவது ஒரே வீடு, அதையும் ஊர் முடியாத வீடாகப் பார்க்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் புழுக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், தெரிந்தவர்கள் சூழ்ந்துகொண்டு, இன்னும் எவ்வளவு வேலை பாக்கி சார் என்று அக்கறையாக விசாரிப்பார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னால், பாவம் என்பது போலப் பார்ப்பார்கள்.

போதாக்குறைக்கு கார் ஷெட் வேறு. எங்களிடம் கார் கிடையாது. அப்பாவின் ஸ்கூட்டர்தான் அவ்வளவு பெரிய ஷெட்டில் தனியாக நிற்கும். ஆனால் வீடு கட்டினால் கார் ஷெட் இல்லாமல் கட்டக்கூடாது என்பது அப்பாவின் ஒரே பிடிவாதம். மனை குறுகல் என்பதால் ஷெட் தெருப் பக்கம் வந்தது. அதன் இரட்டை இரும்புக் கதவுதான் வீட்டுக்கே முகம். வெல்டிங் பட்டறையிலிருந்து அந்தக் கதவு துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து வந்தது. சுவரும் சிவப்பு, கதவும் சிவப்பு. வீடு இரண்டு மடங்கு முடியாததாகத் தெரிந்தது.

வீட்டுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குச் சாமியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அதற்குள் கதவுக்கு ஒரு நிறம் அடித்தாக வேண்டும். அப்பா சாம்பல் நிறம் என்றார். அவருடைய பள்ளிக்கூட கேட் அந்த நிறம். அம்மா, மாதாவின் மேலாடை நீலம் என்றாள். மாமாவுக்குக் கறுப்பு. நல்ல காரியத்துக்குக் கறுப்பா என்று அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். எதற்கும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிடலாம் என்று அப்பா சொல்லப்போக, பெயிண்டர் கதவில் ஆளுக்கொரு சதுரம் அடித்தார். கோயில் பூசைக்கு வந்தவர்களையெல்லாம் அப்பா வந்து பார்த்துச் சொல்லும்படி அழைத்தார். வந்தவர்கள் இருக்கிற சதுரங்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் சொன்னார்கள். மஞ்சள் வந்தது, பழுப்பு வந்தது, பாகற்காய்ப் பச்சை வந்தது. பெயிண்டர் சலிக்காமல் அடித்துக்கொண்டே போனார். ஒரு நாள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "செவுத்துக்குப் பூச்சு வேலை எப்போ கீது சார்?" என்று அவரும் கேட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை, ஓர் இளம் தம்பதி சின்னக் குழந்தையோடு வந்து அழைப்பு மணியை அடித்தார்கள். எல்.கே.ஜி. அட்மிஷன் எப்போது ஆரம்பம் என்று கேட்டார்கள். அவ்வளவு நிறம் அடித்த கதவு நர்சரி பள்ளியின் கதவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அன்று மாமாவும் சாப்பிட வந்திருந்தார். இலையில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துத்தான் அப்பா சொன்னார். ஆனால் அது மாமாவுக்கு. "மந்திரிப்பு அன்னிக்கு ஒருத்தராவது பூச்சு எப்போன்னு கேட்டாங்கன்னா, மறுநாளே மேஸ்திரியை வரச் சொல்லிடுவேன்."

மாமா சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர், "சரி அத்தான், பூசிடுங்க" என்றார். குழம்பைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அழ வேண்டியவர் அழாமல் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கதவு மட்டும் சரியாக அமைந்துவிட்டால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. நிறம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா புதுப் புடவை எடுத்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் குளத்தருகே உள்ள மேட்சிங் கடைக்குப் போவாள். அங்கே ஜாக்கெட் துணிகளைப் புடவைமேல் ஒவ்வொன்றாக விரித்து, வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்து எடுப்பார்கள். அந்தக் கடையில் பொருந்தாமல் போன புடவையே கிடையாது. வீடு செங்கல் நிறத்தில் புடவை கட்டியிருக்கிறது, கதவு அதற்கு ஜாக்கெட். கொல்லையில் மிச்சம் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா என்னையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டு வருகிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம்தானே. ஒரு பூக்கார அம்மா கை நீட்டி எங்கள் பையை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கை கீழே போயிற்று.

"இன்னாம்மா இது, பையில கல்லு வெச்சுக்கினு போறே?"

"செங்கல்தாங்க" என்றாள் அம்மா. பூக்கார அம்மா மயிலாப்பூர் வரும் வரை எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் எந்தப் புடவைக்கு என்று கேட்டதும் அம்மா பையை என் பக்கம் நகர்த்தினாள். நான்தான் பையிலிருந்து செங்கல்லை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, எங்கள் வீட்டுக் கதவுக்கு நிறம் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணாடி உடையப்போகிறது என்று முதலில் பதறினார். பிறகு பழைய செய்தித்தாளை மடித்து அடியில் வைத்துவிட்டு, வழக்கம்போலத் துணிகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். அரக்கு நிறத்தைப் போட்டு, செல்ஃப் கலர், புடவை நிறத்திலேயே ஜாக்கெட், அதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். பக்கத்தில் ஜாக்கெட் துணி வாங்க வந்த பெண்களுக்குத் தங்கள் வேலை மறந்துபோயிற்று. மடிசார் கட்டிய ஒரு மாமி, "நம்மாத்துக் கதவுன்னா நான் மாம்பழ மஞ்சள்தான் எடுப்பேன்" என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி க்ரீம் என்றாள். அம்மாவின் கண் நீலத்திலேயே இருந்தது. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. மேல் அலமாரியின் ஓரத்தில் ஒரு துணி இருந்தது, மயில்கழுத்து நிறம். அதை எடுக்கச் சொன்னேன்.

செங்கல்லையும் துணியையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். வெயிலில் அந்தத் துணி பச்சையாகவும் நீலமாகவும் அசைந்தது. அதன்மேல் வைத்ததும் செங்கல்லுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் வெறும் சிவப்பு என்று நினைத்திருந்த கல்லுக்குள் ஆரஞ்சும், கருகலும், லேசாக ரோஜாவும் இருப்பது தெரிந்தது. மாமா மாதக்கணக்கில் சொல்லி எங்களில் யாருக்கும் விளங்காதது அந்த நடைபாதையில் விளங்கியது. அம்மா ஒரு ஜாக்கெட்டுக்கான துணியை வெட்டச் சொன்னாள். மாமி, தன் புடவைக்கும் அதே நிறத்தில் வெட்டச் சொன்னார்.

அந்தத் துணியைக் காட்டித்தான் அடையாறில் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கி வாங்கினோம். அப்பா, சதுரங்கள் மறைந்தால் போதும் என்றிருந்தார். கதவு காய்ந்த அன்று அம்மா மாமாவை ஆள்விட்டு வரவழைத்தாள். அவர் தெருவின் அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "எனக்கு இது தோணலையேடி" என்றார். அதைப் போன்ற பாராட்டை நான் படித்துப் பட்டம் வாங்கியபோதும் யாரும் தரவில்லை.

மந்திரிப்பு நாளில் அம்மா செங்கல் நிறப் புடவையும், அந்தத் துணியில் தைத்த ஜாக்கெட்டும் உடுத்தி, வீட்டோடு வீடாக நின்றாள். சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். என்னைக் கதவருகே சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். அப்பா வெளி கேட்டில் வெயிலில் நின்று வரவேற்றார். வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்து, தலையைச் சாய்த்து, ஏதோ சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார். அவர்கள் உடனே திரும்பிக் கதவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். கதவு பிரமாதம் என்றார்கள். அத்தை செருப்பைக் கழற்றினார், கற்கண்டை வாயில் போட்டார், என் கன்னத்தைக் கிள்ளி நல்ல கலர் என்றார். அவ்வளவுதான். பூச்சு என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. சாமியார்கூடச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம் செங்கல் எந்தச் சூளை என்று விசாரித்தார். மாமா கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமாவின் வீட்டை நான் காப்பாற்றிவிட்டேன், அதுவும் ஒரு ஜாக்கெட் துணியால்.

அந்தப் பெருமையோடுதான் வளர்ந்தேன். மாமா பிறகு எத்தனையோ வீடுகள் கட்டிவிட்டார், செங்கல் வீடு என்றால் இன்று அவரைத் தேடி வருகிறார்கள். போன வருடம் எங்கள் கதவுக்கு மறுபடி அதே நிறம் அடித்தோம். பார்க்க வந்த அத்தையிடம் நான் அந்தக் கதையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்கப்பன் கேட்டுலயே என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டான். அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பூச்சைப் பத்தி வாயைத் திறக்காதே, மச்சான் மூஞ்சி வாடிடும்னான். எதாவது சொல்லியே ஆகணும்னா கதவு நல்லாருக்குன்னு சொல்லு, கலர் என் பொண்ணு எடுத்ததுன்னான். எனக்கு மட்டுமா? வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் இதே பாட்டு. ஃபாதர்கிட்ட முந்தின நாளே போய்ச் சொல்லிட்டு வந்துட்டான்."

உள்ளே போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்பவும் சொல்றேன், பூசியிருந்தா வீடு இன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அந்தச் சுவர் அவருக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. பந்தயம் வைத்தவரும் அவர், தான் ஜெயித்துவிடக் கூடாதே என்று வெயிலில் நின்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கெஞ்சியவரும் அவர். கேட்டுக்கும் கதவுக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. கற்கண்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்பா வெறுமனே வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.