அரைக் கரண்டி

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் நான் காஜா பெராங் பகுதியில் குடியிருந்தேன். தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சனிக்கிழமைகளில் எனக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு. நான் படிக்கும்போது உதடு அசைவதை அங்கே விரிவுரையாளர் ஒருவர் பார்த்துவிட்டார். "மந்திரமா சொல்றீங்க? கண்ணால படிங்க" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று முதல் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு படித்துப் பழகினேன். உதடு நின்றது. உள்ளே கூடவே சொல்லிக்கொண்டு வரும் குரலும் மெல்ல நின்றுபோனது. பக்கங்கள் வேகமாக ஓடின. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா கிளினிக்கிலிருந்து நேராக என்னிடம் வந்தார். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கையில் சளி மருந்து. அவருக்கு எழுத்து தெரியாது.

"டீச்சர், எப்படிக் குடுக்கணும்னு பாத்து சொல்லுங்க லா."

போத்தலில் மலாயில் ஒட்டியிருந்த சீட்டின்மேல் கண்ணை ஓட்டினேன். "ஒரு கரண்டி, மூணு வேளை." அவர் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணி அலசிக்கொண்டிருந்தபோது அந்தச் சீட்டு மறுபடி கண்ணுக்குள் வந்தது. இந்த முறை குரலோடு வந்தது. செத்தெங்ஙா சூடு, அதாவது அரைக் கரண்டி. கண் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் இருக்கிறது; எனக்குள் யாரும் அதைச் சொல்லாததால் பொருள் ஏறவில்லை.

ஈரக் கையோடு ஓடினேன்.

"மருந்து குடுத்துட்டீங்களா?"

"அப்பவே குடுத்தேன். நல்லா தூங்குது."

குழந்தையைத் தொட்டேன், அசையவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். விரல்கள் லேசாக மடங்கின, அவ்வளவுதான்.

"அக்கா, நான் தப்பா படிச்சிட்டேன். அரைக் கரண்டிதான்."

அவர் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு விரைந்தார். நான் போத்தலோடு பின்னால் ஓடினேன். இன்னும் எதையாவது தவறவிட்டிருப்பேனோ என்று வழியெல்லாம் சீட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் உதவியாளரான டிரசர் குழந்தையின் இமையைத் திறந்து பார்த்தார். "ஒரு தடவைதானே? தூக்கம் கூடுதலா வரும். இங்கயே உக்காருங்க. மூச்ச பாத்துக்கிட்டே இருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தச் சின்ன மார்பு ஏறும், இறங்கும். இறங்கியது மறுபடி ஏறும்வரை எனக்கு மூச்சு வராது. வெயில் சாய்ந்த நேரம் குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு வீறிட்டு அழுதது. அக்காவும் அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகும் அக்கா என்னோடு சிரித்துத்தான் பேசினார்; குழம்பு கொடுத்தனுப்பினார். மருந்துப் போத்தலை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்கத் தெருக்கோடிச் சீனர் கடைக்கு எடுத்துப் போவார். கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.